அரசுப் பள்ளியில் ஒன்றாகப் படித்தால் ஒற்றுமை வந்துவிடுமா? ஆகஸ்ட் 15 பேச்சுக்கு யோசனை தேவை

சூரமங்கலம் செல்வி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். சேலத்தில் எங்கள் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். பெரியவள் ஒன்பதாவது, சின்னவன் ஆறாவது, ரெண்டு பேரும் அங்கேதான் படிக்கிறார்கள். வருகிற சுதந்திர தினத்துக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார் ஹெச்.எம். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘தேசிய ஒற்றுமையில் அரசுப் பள்ளியின் பங்கு’.

நெட்டில் தேடினால் கட்டுரைப் போட்டிக் கட்டுரைகள்தான் வருகின்றன. அதைப் படித்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்பே கொட்டாவி விடும்.

எனக்கு உண்மையிலேயே சந்தேகம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் நிறைய. அப்பா அம்மா கட்டட வேலை, நூல் மில், செங்கல் சூளை. எல்லாருக்கும் ஒரே சீருடை, ஒரே சத்துணவு. பாடப் புத்தகத்தின் முன்பக்கத்தில் ‘நாட்டின் உரிமை வாழ்வையும் ஒருமைப்பாட்டையும் பேணிக்காத்து’ என்று உறுதிமொழி. தீண்டாமை பெருங்குற்றம் என்றும் அச்சடித்திருக்கிறது. காலை வணக்கத்தில் எல்லாரும் சத்தமாகச் சொல்கிறார்கள். பெல் அடித்து இன்டர்வெல் விட்டால், வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு கூட்டம். என் மகள் வகுப்பில் ஒடிசாப் பெண் ஒருத்தி ரெண்டாவதிலிருந்து இங்கேயே படிக்கிறாள். அவள் பேசுவதைக் கேட்டால் வீரபாண்டிக்காரி என்றுதான் நினைப்பீர்கள். அவளுக்கு மட்டும்தான் ரெண்டு பக்கமும் போக்குவரத்து.

போன கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, “இந்திக்காரப் பிள்ளைகளுக்குத் தனி செக்‌ஷன் போட்டுருங்க, நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் ஓட மாட்டேங்குது” என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர் கெட்டவர் இல்லை, பள்ளிக்குப் பெயின்ட் அடிக்கக் காசு கொடுத்தவர். அவரும் முன்வரிசையில்தான் இருப்பார்.

பள்ளிக்கூடத்தை வைத்து ஒற்றுமையை வளர்க்க வேறு எங்காவது நிஜமாக முயன்றிருக்கிறார்களா? பலித்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குகை பாலு

அக்கா, பள்ளிக்கூடத்தை வைத்து ஒற்றுமை என்று யார் ஆரம்பித்தாலும் எனக்கு நம் ஊர்க்காரர் ஞாபகம்தான் வரும். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் 1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். தேசிய வாழ்வில் நம் மாகாணத்துக்கு உரிய இடம் கிடைக்க, நாட்டில் அதிகம் பேசும் மொழி தெரிய வேண்டும் என்று காரணம் சொன்னார். என்ன ஆனது? மறியல், கைது, தாளமுத்துவும் நடராசனும் சிறையில் கிடந்து செத்தார்கள். 1940 பிப்ரவரியில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஒன்றுசேர்க்கப் போட்ட உத்தரவில்தான் தமிழ்நாடு ஒற்றுமைப் பேச்சை இன்றுவரை சந்தேகத்தோடு பார்க்கக் கற்றுக்கொண்டது.

மேலே இருந்து ‘ஒற்றுமையாக இரு’ என்று சொன்னால் நம் ஆள் முதலில் கேட்பது, ‘யாரோட மொழியில?’ என்றுதான். மேடையில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அஸ்தம்பட்டி கணக்கு வாத்தியார்

செல்வி அம்மாவுக்கு,

முயன்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் நான் கணக்கு நடத்தியிருக்கிறேன், நைஜீரியாவில்.

அங்கே அப்போது எண்ணெய்க் காசு. 1976இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசத் தொடக்கக் கல்வி என்று அறிவித்துவிட்டார்கள். கட்டடம் எழும்பியது, வாத்தியார் போதவில்லை. இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் போனேன். வீட்டில் தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள், அதற்காகத்தான் போனேன். தேச ஒற்றுமையை ஆராயப் போனதாக யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அந்தப் பள்ளிகளுக்கு ஃபெடரல் கவர்ன்மென்ட் காலேஜ் என்று பெயர், ஜனங்கள் சொல்வது யூனிட்டி ஸ்கூல். பெயர்தான் காலேஜ். தொடக்கப் பள்ளி முடித்த பிள்ளைகள் சேரும் உயர்நிலைப் பள்ளி, விடுதியோடு. 1966இல் முதலில் மூன்று தொடங்கினார்கள்: வடக்கே சொகோட்டோவில், தெற்கே வாரியில், கிழக்குப் பகுதியில் ஒன்று. அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்றால், ஜனவரியில் ஒரு ராணுவப் புரட்சி, ஜூலையில் இன்னொன்று, கிழக்கிலிருந்து வடக்கே பிழைக்கப் போயிருந்த இக்போ இன மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மறு வருடம் கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்று தனி நாடாகப் பிரிய, உள்நாட்டுப் போர். 1970 ஜனவரியில் போர் ஓய்ந்த பிறகுதான் அரசு இந்தப் பள்ளிகளில் மும்முரமாக இறங்கியது. மாநிலத்துக்கு இருபாலர் பள்ளி ஒன்று, பெண்கள் பள்ளி ஒன்று என்று கணக்கு. பட்டதாரிகளை ஒரு வருடம் வேறு மாநிலத்துக்குச் சேவைக்கு அனுப்பும் திட்டம் 1973இல் வந்தது, அதுவும் இதே யோசனைதான்.

என் பள்ளி வடக்கே இருந்தது. டிசம்பரில் சஹாராத் தூசி கிளம்பினால் உதடு வெடித்து ரத்தம் வரும், வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் காவி. பிள்ளைகள் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்திருந்தார்கள்: ஹவுசா, யொரூபா, இக்போ என்ற மூன்று பெரிய இனங்கள், இந்த மூன்றிலும் சேராத டிவ், இஜா. டார்மிட்டரியில் கட்டில் போடுவது ஹவுஸ் மாஸ்டர் வேலை. ஒரே மாநிலத்துப் பையன்கள் ரெண்டு பேரை அடுத்தடுத்த கட்டிலில் படுக்க விடமாட்டார். டெர்முக்கு டெர்ம் கட்டில் மாறும். அவர் கையில் ஒரு பழைய அட்டை நோட்டு, பென்சிலில் கட்டம் போட்டு, பெயரை அழித்து அழித்து எழுதியதில் தாள் ஓட்டையாகிவிட்டிருந்தது. “பையன்களை அவங்க இஷ்டத்துக்கு விட்டா ராத்திரியோட ராத்திரியா அஞ்சு நாடு பிரிஞ்சுடும்” என்பார்.

சனிக்கிழமை காலையில் ஆளுக்கு ஒரு துண்டு புல்தரை. கையில் கட்லஸ், நம் அரிவாள் வளையாமல் நேராக இருந்தால் எப்படியோ அப்படி. வெட்டி முடிக்காதவன் சாப்பாட்டு வரிசைக்கு வர முடியாது. வடக்கத்திப் பிரபு வீட்டுப் பையனும் லாகோஸ் டாக்டர் மகனும் பக்கத்துப் பக்கத்தில் குனிந்து வெட்டுவார்கள். முதலில் முடித்தவன் அடுத்தவன் துண்டில் கை கொடுப்பான், ஏனென்றால் மேசைக்குப் பத்துப் பேரும் வந்த பிறகுதான் பரிமாறுவார்கள். இரவு படிப்பு முடிந்ததும் பெட்டியிலிருந்து ‘கரி’ வெளியே வரும். மரவள்ளிக்கிழங்கைத் துருவி, புளிக்க வைத்து, வறுத்த மாவு. குளிர்ந்த தண்ணீரில் போட்டுச் சர்க்கரை கலந்து குடிப்பார்கள். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி மில் வாடையில் வளர்ந்த எனக்கு, வந்து இறங்கிய இடத்தில் பழகிய வாடை அது ஒன்றுதான்.

மொழியில் அவர்களுக்கும் நம் தலைவலிதான். 1977 கல்விக் கொள்கை, தாய்மொழி தவிர ஹவுசா, இக்போ, யொரூபா மூன்றில் ஒன்றைப் படிக்கச் சொன்னது. ஒரு டிவ் பையன் என்னிடம் வந்து, “சார், நான் அவங்க மொழியைப் படிக்கிறேன், என் மொழியை யார் படிப்பாங்க?” என்றான். நான் தமிழ்நாட்டிலிருந்து போனவன், என்ன சொல்ல? உட்கார்ந்து கணக்கைப் போடு என்றேன். பாலு தம்பி சொன்னதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது.

பலித்ததா என்று கேட்டால், உள்ளே வந்தவர்களுக்குப் பலித்தது. என் பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். அப்பாக்கள் போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள், இவர்கள் ஒருவன் மகள் கல்யாணத்துக்கு மற்றவன் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய்ப் பந்தியை மேற்பார்க்கிறான். தேர்தல் வந்தால் குழுவில் அடித்துக்கொள்வார்கள், மறுநாள் பழைய ஹவுஸ் மாஸ்டரைக் கிண்டல் செய்து சேர்ந்துகொள்வார்கள்.

வாசலில்தான் சிக்கல். நுழைவுத் தேர்வு நாடு முழுக்க ஒன்று, கட் ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2013இல் அனம்ப்ரா மாநிலத்துப் பிள்ளைக்கு 139 மதிப்பெண், யோபே மாநிலத்துப் பையனுக்கு 2. படிப்பில் பின்தங்கிய வடக்கை மேலே கொண்டுவரத்தான் அப்படி வைத்தார்கள், அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. 138 வாங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அம்மாவிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்! ஒற்றுமைப் பள்ளியின் பெயரைக் கேட்டாலே அந்த வீட்டில் எரிச்சல். அப்புறம் 2014 பிப்ரவரியில் யோபே மாநிலம் புனி யாடியில் இதே யூனிட்டி ஸ்கூல் ஒன்றின் விடுதிக்குள் போகோ ஹராம் தீவிரவாதிகள் இரவில் புகுந்து பையன்களைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு தெற்கத்திப் பெற்றோர் வடக்கே பிள்ளையை அனுப்புவார்களா? வெளியூர்ப் பிள்ளை வராவிட்டால் அது இன்னொரு உள்ளூர்ப் பள்ளி, அவ்வளவுதான்.

அவர்கள் முதல் மூன்று பள்ளியைத் திறந்த அதே 1966இல்தான் இங்கே மத்திய அரசு போட்ட கோத்தாரி கல்விக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அது சொன்ன வழி நேர் எதிர். பொறுக்கி எடுக்காதே, ஒரு பகுதியில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பகுதியின் பொதுப் பள்ளிக்கே போகட்டும், கலெக்டர் பிள்ளையும் கொத்தனார் பிள்ளையும் ஒன்றாக. எந்த அரசும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. நம் மாநிலத்தில் சமச்சீர்க் கல்வி வந்து 2011இல் பாடப் புத்தகம் மட்டும் ஒன்றானது. காலை எட்டு மணிக்கு அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நின்று பாருங்கள், எந்தெந்த வீட்டுப் பிள்ளை எந்தெந்த வேனில் ஏறுகிறது என்று.

உங்கள் பள்ளி தேர்வு வைக்காமல், ரயிலில் வந்து இறங்கிய பிள்ளையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு அரசாங்கம் அவ்வளவு செலவு செய்து ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவந்த கலப்பு, உங்களுக்குக் காசில்லாமல் வந்திருக்கிறது. தனி செக்‌ஷன் கேட்டவரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் அவருடைய கவலையும் பொய்யில்லை, பாடம் ஓடவில்லை என்றால் அதற்கு வாத்தியார் கேட்க வேண்டும், செக்‌ஷன் கேட்கக் கூடாது.

வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். அங்கே கட்டிலை மாற்றிப் போட ஒருவர் இருந்தார். உங்கள் பள்ளியில் அந்த வேலை யாருடையது?

காரைக்கால் நவோதயா

சார் பதிவைப் படித்துவிட்டு அலுவலகத்தில் அரை மணி நேரம் வேலை ஓடவில்லை. நான் காரைக்கால் நவோதயாவில் படித்தவன், இப்போது சேலத்தில் வங்கி வேலை.

தமிழ்நாட்டில் ஒரு நவோதயா கூட இல்லை, மும்மொழிச் சண்டைதான் காரணம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நவோதயா தொடங்கச் சொல்லி உத்தரவிட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த அரசியலை விட்டுவிடுகிறேன். தெரியாதவர்களுக்காக: மத்திய அரசு நடத்துவது, மாவட்டத்துக்கு ஒரு விடுதிப் பள்ளி, ஆறாம் வகுப்பில் நுழைவுத் தேர்வு. 1985-86இல் ஹரியானா ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிர அமராவதியிலும் தொடங்கியது. நாடு முழுக்க எல்லா நவோதயாவிலும் அதே நாலு ஹவுஸ்: ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி. ஒன்பதாம் வகுப்பில் முப்பது சதவீதம் பேரை இந்தி பேசும் மாநிலத்துப் பள்ளிக்கு ஒரு வருடம் மாற்றுவார்கள், அங்கிருந்து அதேபோல இங்கே வருவார்கள்.

நான் உத்தரப் பிரதேசம் போனேன். முதல் மாதம் எனக்குப் பெயரே கிடையாது, ‘மதராசி’தான். ஜனவரிக் குளிரில் வாளித் தண்ணீரைத் தொட்டால் விரல் என்னுடையதா என்றே தெரியாது. ரொட்டி தின்று தின்று சோற்றுக்கு ஏங்கிய கதையெல்லாம் வேண்டாம். நான் அங்கே கவனித்தது வேறு. மெஸ்ஸில் அவர்கள் தங்களுக்குள் சாதி பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள். எங்களை எதில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அதனால் எல்லா மேசையிலும் எங்களுக்கு இடம் இருந்தது. செல்வி அக்கா சொல்லும் ஒடிசாப் பெண்ணுக்கு ரெண்டு பக்கமும் போக்குவரத்து என்பதைப் படித்ததும் அதுதான் நினைவு வந்தது.

ஒரு விஷயத்தில் சாரோடு ஒத்துப்போக முடியவில்லை. பொறுக்கி எடுப்பது தப்பு என்று அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. நவோதயாவில் முக்கால்வாசி இடம் கிராமப் பிள்ளைகளுக்கு. என் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். எங்கள் தெருப் பள்ளிக்கு எங்கள் தெருப் பிள்ளைகள்தான் வருவார்கள், எல்லாரும் ஒரே சாதி, ஒரே தொழில். அருகமைப் பள்ளி என்றால் எனக்கு அதுதான் கிடைத்திருக்கும்.

சேர்வராயன் மலை

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் மலையாளிப் பழங்குடி, கேரளத்துக்காரர் இல்லை, தமிழ் பேசும் மலை மக்கள். நான் படித்தது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி.

எங்கள் மலையில் நாட்டின் எல்லா மாநிலத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் பெரிய தனியார் பள்ளிகள் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. மதில் சுவருக்கு உள்ளே பஞ்சாபியும் பெங்காலியும் மலையாளமும் ஒன்றாக விளையாடும் சத்தம் ரோட்டில் போனால் கேட்கும். வாத்தியார் ஐயா புல் வெட்டுவதைப் பற்றி எழுதியிருந்தார். இங்கே அந்த மைதானத்தில் புல் வெட்டியது என் அப்பா.

எங்கள் வகுப்பில் எல்லாரும் மலைப் பிள்ளைகள். நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று ஊர்தான் வேறு, ஆள் ஒன்றுதான், பாதிப் பேர் மாமன் மச்சான். பதினொன்றாவது சேரக் கீழே சேலத்துக்கு இறங்கிய பிறகுதான் வெளி ஆளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மாதம் வாயே திறக்கவில்லை.

2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், எங்களுடையது போன்ற நலத்துறைப் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கச் சொல்லியிருக்கிறது. தனித்தனித் துறை இருந்தால் பிள்ளைகளும் தனித்தனிதான் என்பது சரியான பேச்சு. ஆனால் எங்களுக்கு ஒரு பயம் உண்டு. அந்த விடுதியும் மூன்று வேளைச் சோறும் இல்லாவிட்டால் நான் ஏதாவது எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருப்பேன். சேர்க்கிறோம் என்று சொல்லிப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்து, விடுதியைப் பூட்டிவிட்டால்? கீழே இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. ஒற்றுமைக்காகத் தினமும் எந்தப் பிள்ளை ஏறி இறங்கும்?

சூரமங்கலம் செல்வி

எல்லாருக்கும் நன்றி. சேர்வராயன் தம்பி, உங்கள் அப்பா பற்றி எழுதியதை மேடையில் சொல்லலாமா? பெயர், ஊர் எதுவும் சொல்ல மாட்டேன்.

வாத்தியார் ஐயா, கட்டில் மாற்றுகிற வேலை எங்கள் பள்ளியில் யாருடையது என்று ஹெச்.எம்.மிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, “நீங்களே எடுத்துக்கங்க” என்கிறார். எங்களிடம் விடுதி இல்லை, என்ன செய்வது? இன்னொன்றும் உறுத்துகிறது. எட்டாவது முடிந்ததும் ஒடிசா, பீகார்ப் பையன்கள் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். கேட்டால் டி.சி. இல்லை, வேலைக்குப் போய்விட்டான் என்று பதில் வருகிறது.

அஸ்தம்பட்டி கணக்கு வாத்தியார்

சாப்பாட்டு வரிசையில் ஆரம்பியுங்கள். வருகைப் பதிவேட்டு எண்படி எட்டு எட்டுப் பேராக வட்டம் போட்டு உட்காரட்டும், பரிமாறுவதும் தட்டு கழுவுமிடத்தைப் பார்த்துக்கொள்வதும் அந்த எட்டுப் பேர் பொறுப்பு. மாதம் ஒருமுறை எண்களைக் கலைத்துவிடுங்கள். கபடிக்கு வகுப்புக்கு வகுப்பு மோத விடாதீர்கள், கலந்து அணி பிரியுங்கள். பிள்ளைகள் முனகுவார்கள், முனகட்டும்.

பேச்சில் என் நைஜீரியாவை ரெண்டு நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். கட் ஆஃப் கணக்கைச் சொல்லாதீர்கள், நம் ஊரில் அது இடஒதுக்கீட்டுச் சண்டையாகத் திரும்பிவிடும்.

வட்டார வளமைய டீச்சர்

டி.சி. பற்றி மட்டும் சொல்கிறேன், தினமும் இதே வேலை எனக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். ஒன்பதில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. பையன்கள் அங்கேதான் நழுவுகிறார்கள். பத்தாவது பொதுத் தேர்வில் தமிழ்த் தாள் இருக்கிறது என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. ரெண்டாவதிலிருந்து படித்த அந்தப் பெண்ணுக்குப் பிரச்சினை இல்லை, ஏழாவதில் வந்த பையனுக்கு மலை மாதிரி.

உங்கள் பள்ளியிலேயே எட்டு முடித்த பையனுக்கு டி.சி. எதற்கு? அதே பள்ளியில்தானே ஒன்பது! எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவர இணையதளத்தில், பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர் பட்டியலுக்கு, தள்ளிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். தள்ளியிருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஹெச்.எம். லாகின் போதும். அப்புறம் ஆளைப் பிடிக்க நேரில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், மற்ற நாளில் ஷெட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்பாவிடம் பேசுவதற்கு முன்னால் மேஸ்திரியிடம் பேசுங்கள், அந்த ஒடிசாப் பெண்ணையும் அவள் அம்மாவையும் கூட்டிப் போங்கள். போகும் தேதியைச் சொன்னால் நானும் வருகிறேன்.